ஐந்து வோல்ட் எங்கே போனது?

6

சப்-இன்ஸ்பெக்டர் பிரசன்னா சாவியைத் திருப்பினார். கார் ஒரே உறுமலில் கிளம்பியது.

“கேட்டீங்களா மேடம்? இதுதான் ஸ்டார்ட்டே ஆகாத கார்,” என்றார் கோகிலவாணியிடம்.

ஸ்டேஷனின் பின்பக்க முற்றம். டிசம்பர் மாதத்துக்கு அந்த வெயில் அதிகம். பிடித்துப் போட்ட மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே அந்தப் பழைய வெள்ளைக் கார் ஒரு பாவமும் அறியாதது போல உறுமிக்கொண்டு நின்றது.

ஜாய்சன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டு பத்து. சற்று முன் பார்த்தபோது பன்னிரண்டு ஒன்பது.

“வண்டிக்குப் போலீஸைப் பார்த்த பயம் சார்,” என்றான். “நானும் ஸ்கூல்ல அப்படித்தான். ஹெட்மாஸ்டர் வந்தா வயித்துவலி பறந்துடும்.”

பிரசன்னா சிரிக்கவில்லை. ஜாய்சனுக்கே சிரிப்பு வரவில்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை. உள்ளே லாக்கப்பில் இருந்தவன் மாரி. அனகாபுத்தூரில் ஒரே சந்தில் வளர்ந்து, ஒரே வருஷம் பத்தாம் வகுப்பில் தோற்று, ஒரே சைக்கிளில் விழுந்து எழுந்த சிநேகிதன்.

மாரி சொன்ன கதை சின்னது. சேலையூரில் லாசரஸ் என்ற ஓய்வுபெற்ற ஃபிசிக்ஸ் வாத்தியாரிடம் அவன் டிரைவராகச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது; அதுவரை பக்கத்திலேயே சின்னச் சின்ன ஓட்டம்தான். நேற்றுக் காலை அவரைப் பொத்தேரிக்கு அழைத்துப் போகும் வழியில், ஊரப்பாக்கத்தில் இளநீர் குடிக்க நிறுத்தினான். மறுபடி சாவியைத் திருப்பியபோது கார் முனகியதே தவிரக் கிளம்பவில்லை. பெரியவரை மரத்தடியில் காரோடு விட்டுவிட்டு மெக்கானிக்கைத் தேடி நடந்தான். முக்கால் மணி கழித்து பாலு என்ற மெக்கானிக்கோடு திரும்பினால் பெரியவரைக் காணோம். அவருடைய செல்போன் மட்டும் சீட்டில் கிடந்தது. பாலு சாவியைத் திருப்பினான். கார் உடனே கிளம்பிவிட்டது.

அந்த ஒரு திருப்பலில் மாரி பொய்யன் ஆனான். லாசரஸின் தம்பி சுந்தர்சிங் புகார் கொடுத்தார். மாரி மேல் பழைய அடிதடி வழக்கு ஒன்று வேறு இருந்தது. நேற்று மாலை ஐந்து மணிக்கு உள்ளே போனவனை இன்று ஐந்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும்.

மாரியின் அம்மா பச்சையம்மா நேற்று மாலையிலிருந்து ஸ்டேஷனுக்கு எதிரே, பூட்டிய பழக்கடை ஒன்றின் வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவள்தான் ஜாய்சனுக்குப் போன் செய்தாள். ஜாய்சன் தன் முதலாளி கோகிலவாணியிடம் ஓடினான். தாம்பரம் மேற்கில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவள் அவள். அதற்கு முன் பதினாறு வருஷம் இன்ஷூரன்ஸ் சர்வேயராக விபத்துக் கார்களைக் குடைந்து பார்த்தவள். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

“உன் ஃப்ரெண்டு பொய் சொல்றவனா?”

“சொல்லுவான் மேடம். ஆனா நல்லா சொல்லுவான். இவ்வளவு மட்டமா சொல்லமாட்டான்.”

அதைக் கேட்டதும் அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

இப்போது அவள் காரை மூன்றாவது முறையாகச் சுற்றி வந்தாள். வாக்குமூலம் கொடுக்க வந்திருந்த பாலு அவள் பின்னாலேயே நடந்தான்.

“நான் மீட்டர் வெச்சே பார்த்துட்டேன் மேடம். பன்னெண்டு புள்ளி ஆறு வோல்ட். கல்லு மாதிரி பேட்டரி.”

“ஸ்டார்ட் பண்ணும்போது பார்த்தீங்களா, சும்மா இருக்கும்போது பார்த்தீங்களா?”

“சும்மா இருக்கும்போதுதான். அதான் ஸ்டார்ட் ஆயிடுச்சே.”

“உக்காந்திருக்கிறவனைப் பார்த்து பயில்வான்னு சொல்லிட்டியே அண்ணா,” என்றான் ஜாய்சன். துப்பறிய வருவதற்கு முன் நாலு வருஷம் ஒரு ஆட்டோ எலக்ட்ரிகல் ஷெட்டில் வயர்களோடு மல்லுக்கட்டியவன் அவன். “மூட்டையைத் தூக்கச் சொல்லியில்ல பார்க்கணும்?”

கோகிலவாணி சப்-இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். “நேத்து சேலையூர்லேர்ந்து ஊரப்பாக்கம் போக எவ்வளவு நேரம் ஆச்சாம்?”

“தாம்பரம் நெரிசல்ல முக்கால் மணி நேரம்.”

“அப்ப இந்த எஞ்சினும் முக்கால் மணி நேரம் ஓடட்டும். ஏசியோட. நேத்து மாரி சாவியைத் திருப்பினப்போ வண்டி கொதிச்சுக்கிட்டிருந்தது. பாலு திருப்பினப்போ ஆறிப்போயிருந்தது. நீங்க திருப்பினதும் ஆறின வண்டியைத்தான்.”

பிரசன்னா கொஞ்சம் யோசித்தார். இளைஞர், தூங்காத கண்கள். “மூணு மணி வரைக்கும் மேடம். அதுக்கப்புறம் நான் பேப்பர் ரெடி பண்ணியாகணும்.”

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஜாய்சனால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. உள்ளே போய் ஏட்டிடம் கெஞ்சி, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றான்.

“ஸ்டார்ட் ஆவல மச்சான்,” என்றான் மாரி. “சத்தியமா ஆவல. இன்னா பண்ணிச்சோ தெர்ல அந்த வண்டி. பெரியவரு நல்லவரு மச்சான். வழியெல்லாம் எனுக்கு பாடம் நடத்திகினே வந்தாரு. அவர நான் இன்னா பண்ணப்போறேன்?”

“தெரியும்டா.”

“எங்கம்மா துன்னுச்சா?”

“சாப்பிடும்டா,” என்றான் ஜாய்சன். அவனே இட்லி வாங்கிக் கொடுத்திருந்தான். பொட்டலம் பிரிக்கப்படாமல் அவள் பக்கத்திலேயே கிடந்தது.

அவன் திரும்பி வந்தபோது கோகிலவாணி போன் விவரங்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கடைசி கால் பதினொண்ணு முப்பத்திரெண்டுக்கு,” என்றார் பிரசன்னா. “மனைவிக்கு. ஞானஜோதின்னு பேரு, ரிட்டயர்டு நர்ஸ். கார் நின்னுடுச்சுன்னு சொன்னாராம்.”

“எவ்வளவு நேரம் பேசினாங்க?”

“ஆறு நிமிஷம்.”

“கார் நின்னுடுச்சுன்னு சொல்ல ஆறு நிமிஷமா?”

“எங்க அத்தைகிட்ட ஹலோ சொல்லவே ஆறு நிமிஷம் ஆகும் மேடம்,” என்றான் ஜாய்சன்.

அவள் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. உள்ளங்கையளவு நோட்டில் ஒரு ஆறு எழுதி அதைச் சுற்றி வட்டம் போட்டாள்.

பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு எஞ்சினை அணைத்தார்கள். பத்து வரை எண்ணிவிட்டு பிரசன்னா சாவியைத் திருப்பினார்.

க்ரூ... க்ரூ... டொக்.

மறுபடி திருப்பினார். ‘டொக்’ மட்டும் வந்தது. பாலுவின் வாய் பாதி திறந்தது.

“நேத்து இதே சத்தத்தைத்தான் மாரி கேட்டிருக்கான் சார்,” என்றான் ஜாய்சன்.

பிரசன்னா இறங்கினார். “சரி. கெட்ட வண்டிதான், ஒத்துக்கறேன். ஆனா கெடுத்ததே அவனா இருந்தா? நிக்கவேண்டிய இடத்துல நிக்கறதுக்காக?”

ஜாய்சனின் முகம் விழுந்துவிட்டது. அதை அவன் யோசிக்கவில்லை.

“நியாயமான கேள்வி,” என்றாள் கோகிலவாணி. “ஜாய்சா, மீட்டரை எடு.”

அவன் பானெட்டைத் தூக்கி, மீட்டரின் இரண்டு முள்ளையும் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தான். “இப்ப திருப்புங்க சார். திருப்பிக்கிட்டே இருங்க.”

க்ரூ... டொக்.

“பதினொண்ணு புள்ளி நாலு. பேட்டரி ஒழுங்காத்தான் கொடுக்குது. கொடுத்தது ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போய்ச் சேரலை. நடுவுல யாரோ அடிச்சுட்டான். எந்த வயர்னு பார்க்க, அந்த வயரோட ரெண்டு நுனியிலயும் முள்ளை வைக்கணும். நல்ல வயர்னா மீட்டர் கிட்டத்தட்ட சைபர் காட்டும். எவ்வளவு காட்டுதோ அவ்வளவு அங்கே தொலையுது.”

பேட்டரியின் பிளஸ்ஸில் ஒரு முள், ஸ்டார்ட்டர் மோட்டாரில் ஒரு முள். “திருப்புங்க.” மீட்டர் 0.2 காட்டியது.

“போற வழி சுத்தம். கரன்ட் போனா மட்டும் போதாது சார், வீட்டுக்குத் திரும்பி வரணும். எஞ்சின்லேர்ந்து பாடிக்கு, பாடிலேர்ந்து பேட்டரி மைனஸுக்கு. அதைத்தான் எர்த்துன்னு சொல்றோம்.” முட்களை மாற்றினான். பேட்டரி மைனஸ், எஞ்சின். “திருப்புங்க.”

எண்கள் துள்ளி நின்றன. 5.1.

“அஞ்சு வோல்ட்டா!” பாலு குனிந்து பார்த்தான். “அவ்வளவு போனா மோட்டார் எப்படிச் சுத்தும்?”

“அதான் முனகுது.” ஜாய்சனின் கை வேகமாயிற்று. பேட்டரி மைனஸுக்கும் பாடிக்கும் நடுவே 0.1. பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே 5.0. மிச்சமிருந்தது ஒரே ஒரு பின்னல் பட்டை. எஞ்சினையும் காரின் உடம்பையும் சேர்க்கும் செம்புப் பட்டை. பேட்டரிக்குக் கீழே பாடியில் அது ஒரு போல்ட்டால் இறுக்கப்பட்டிருந்தது. அதன் மேல் விரலை வைத்தவன் உதறிக்கொண்டான். “ஆ! நெருப்பு மாதிரி சுடுது!”

அவன் ஸ்பேனரை எடுத்தான்.

“வைக்காதே,” என்றாள் கோகிலவாணி.

செல்போன் டார்ச்சை அடித்துக் குனிந்தாள். போல்ட்டின் தலையையும் அதைச் சுற்றியும் சாம்பல் நிற வண்டல் காய்ந்து ஓடு கட்டியிருந்தது. ஒரு பக்கம் மட்டும் ஓடு உதிர்ந்து கொஞ்சம் வழவழப்பாகத் தெரிந்தது.

“இன்ஸ்பெக்டர், போன மாச மழையில சேலையூர் பக்கம் எத்தனை நாள் தண்ணி நின்னது?”

“மூணு நாள். முழங்கால் தண்ணி.”

“இது அந்தத் தண்ணி விட்டுட்டுப் போன சேறு. போல்ட்டையும் பாடியையும் சேர்த்து ஒரே ஓடா மூடியிருக்கு. ஸ்பேனர் பட்டிருந்தா உடைஞ்சிருக்கும். மழைக்கப்புறம் இந்த போல்ட்டை யாருமே திருப்பலை. மாரி வேலைக்குச் சேர்ந்தது எப்போ?”

“தண்ணி வடிஞ்சு... ரெண்டு வாரம் கழிச்சு.” பிரசன்னா தானே குனிந்து பார்த்தார். “ஓரத்துல உதிர்ந்திருக்கே?”

“அது விரல். இவன் இப்ப தொட்ட மாதிரி நேத்தும் யாரோ தொட்டிருக்காங்க. தொட்டு, சுட்டதும் விடலை. சுத்தித் தடவிப் பார்த்திருக்காங்க. போட்டோ எடுத்துக்கோங்க.”

நாலு போட்டோ எடுத்தார்கள். பிறகு ஜாய்சன் துரு கழற்றும் எண்ணெயை ஊற்றி, பாலுவும் அவனுமாக மூச்சுப் பிடித்துத் திருப்பினார்கள். மூன்றாவது இழுப்பில் போல்ட் கிரீச்சிட்டு இளகியது. பட்டையின் அடியிலிருந்து ஒரு ரூபாய் நாணயம் அளவில் ஏதோ நழுவி விழுந்தது. நடுவில் ஓட்டை போட்ட, கருநீலத்தில் மெல்லிய பிளாஸ்டிக் வட்டம்.

“வாஷரா?” என்றார் பிரசன்னா.

“எதிரி வாஷர் சார். கரன்டைத் தடுக்க வெச்சது. பட்டை பாடியைத் தொடவே விடாது. போல்ட்டோட மரை வழியாத்தான் கரன்ட் ஒழுகிக்கிட்டு இருந்திருக்கு. வண்டி ஆறியிருந்தா எப்படியோ சமாளிக்கும். சூடானா படுத்துடும்.”

கோகிலவாணி அந்த வட்டத்தை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்தாள். கருநீலத்தின் குறுக்கே வெளிறிய பட்டை ஒன்று ஓடியது. அதன் நடுவே முடி போல ஒரு கோடு.

“எக்ஸ்ரே ஃபிலிம்,” என்றாள். “இது எலும்பு.”

“எலும்பு கெடச்சுடுச்சா? அப்ப மர்டர் கேஸுதான்,” என்றான் ஜாய்சன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“கிழிச்சதில்லை. வளைஞ்ச கத்தரியால ஒரே சுத்துல நறுக்கினது. பிசிறே இல்லை. எக்ஸ்ரேயும் நல்ல கத்தரியும் யார் வீட்டுல இருக்கும்?” அவள் ஏற்கெனவே வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். “ஆறு நிமிஷம், ஜாய்சா. வண்டியை எடு.”

பின்னால் பிரசன்னா குரல் கொடுப்பது கேட்டது. “ஃபிலிமைப் பத்திரமாத் திருப்பிக் கொண்டுவாங்க மேடம்! ஏட்டையா, மாரிக்கு ஒரு டீ சொல்லுங்க.”

ஸ்கூட்டர் தாம்பரம் நெரிசலில் புகுந்து, மாநகரப் பேருந்துகளின் இடுக்கில் நெளிந்து, சேலையூர் வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. பின்சீட்டில் கோகிலவாணியின் விரல்கள் அவன் தோளில் தாளம் போட்டுக்கொண்டே வந்தன.

அழைப்பு மணியைத் தொடுவதற்கு முன் கதவு திறந்தது. ஞானஜோதி செருப்பு போட்டுக்கொண்டு, பையோடு நின்றாள். அறுபத்தைந்து வயது இருக்கும். வாராத தலை.

“கெடச்சுட்டாரா?”

“இன்னும் இல்லை. எங்கே கிளம்பிட்டீங்க?”

“ஸ்டேஷனுக்கு. ரயில்வே ஸ்டேஷனுக்கு. காலையிலேர்ந்து மூணு தடவை போயிட்டேன். ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர்...” அவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

கதவைச் சாத்த இடது கையை நீட்டினாள். வலது மணிக்கட்டு லேசாகக் கோணியிருந்தது. ஜாய்சன் அதைப் பார்த்தான். கோகிலவாணி பார்த்து முடித்திருந்தாள்.

அவள் அந்த வட்டத்தைச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்தாள். “இது உங்க கைதானே மேடம்?”

ஞானஜோதி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். மறுக்க முயலவே இல்லை.

“ஆறு மாசம் முன்னாடி உடைஞ்சுது,” என்றாள். “அவர்தான் ஓட்டினார். ரோட்டு நடுவுல இருக்கிற தடுப்புல ஏத்திட்டார். லைட் எரியலை, அதான் தெரியலைன்னார். லைட் எரிஞ்சுது. பட்டப்பகல் மாதிரி எரிஞ்சுது. முப்பது வருஷம் நர்ஸா இருந்தவ நான், எனக்குத் தெரியாதா? பக்கவாட்டுல அவருக்குக் கண்ணே தெரியலை. டாக்டர்கிட்ட வாங்கன்னா சண்டை. சாவியை ஒளிச்சு வெச்சேன், வேற சாவி செஞ்சுக்கிட்டார். அப்புறம் ஒருநாள் கேம்ப் ரோட்டுல ஒரு பொண்ணோட சைக்கிளை இடிச்சார். பன்னெண்டு வயசு. சிராய்ப்போட போச்சு. ‘குறுக்க வந்துட்டா’ன்னார். அந்தப் பொண்ணு ஓரமா நின்னுட்டிருந்தா.”

“அதனால கார் கிளம்பாம செஞ்சீங்க.”

“ஓடும்போது நிக்காது. நிறுத்தினா மறுபடி கிளம்பாது. யாருக்கும் அடிபடாது. அப்படி யோசிச்சுத்தான் வெச்சேன்.” அவள் நிமிர்ந்தாள். “முப்பத்தெட்டு வருஷம் ஒரு ஃபிசிக்ஸ் வாத்தியாரோட குடும்பம் நடத்தியிருக்கேன். எர்த் எங்கே கட்டணும்னு தெரிஞ்சவளுக்கு எங்கே அவுக்கணும்னு தெரியாதா? மூணு தடவை போன இடத்துல கிளம்பாம நின்னதும் டிரைவர் வெச்சுக்கறேன்னு ஒத்துக்கிட்டார். அதுக்குள்ள மழை. எடுத்துடலாம்னு பார்த்தேன். போல்ட் சேறு மூடி இறுகிக் கிடந்தது. இந்தக் கையில பலமும் இல்லை. மெக்கானிக்கிட்ட என்னன்னு சொல்றது?”

“நேத்து அவர் கண்டுபிடிச்சுட்டார்.”

“பையன் மெக்கானிக்கைத் தேடிப் போனதும் பானெட்டைத் தூக்கிக் கையை வெச்சுப் பார்த்திருக்கார். ‘ஒரு போல்ட் மட்டும் கொதிக்குது. அடியில ஃபிலிம் மாதிரி ஏதோ தடவுது. நீதானே?’ன்னு கேட்டார். ஆமாம்னு சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். ‘இனிமே அந்த வீட்டுக்கு வரமாட்டேன்’னு வெச்சுட்டார்.”

ஜாய்சன் தன்னை அடக்கிக்கொள்ள முடியாமல் முன்னால் வந்தான். “அவராத்தான் போனார்னு நேத்தே உங்களுக்குத் தெரியும். அப்படியும் ஒருத்தனை உள்ளே வெச்சாங்களே, சும்மா இருந்தீங்களே? அவன் என் ஃப்ரெண்டும்மா. அவன் அம்மா தண்ணிகூடக் குடிக்காம ரோட்டுல உக்காந்திருக்கு.”

ஞானஜோதி பையின் காதைத் திருகினாள். “ராத்திரிக்குள்ள வந்துடுவார்னு நினைச்சேன். வரலை. காலையில சொல்லலாம்னு போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரைக்கும் வந்தேன். சொன்னா... கோவத்துல அவர் தண்டவாளத்துப் பக்கம் போயிருப்பார்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும். யாராவது கடத்திட்டுப் போயிருந்தா உயிரோட இருப்பாரேன்னு...”

ஜாய்சனின் கோபம் போகவில்லை. ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். இரண்டு இருபது.

கோகிலவாணி முதல்முறையாக ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். “போனை வைக்கறதுக்கு முன்னாடி நீங்க கடைசியா என்ன சொன்னீங்க? அவர் சொன்னது இல்லை, நீங்க சொன்னது.”

“நானா? ‘ஒரே ஒரு தடவை கண்ணைக் காட்டுங்க. நல்லா இருக்குன்னு டாக்டர் சொன்னா நானே சாவியை உங்க கையில கொடுக்கறேன். ஜென்மத்துக்கும் வாயைத் திறக்கமாட்டேன்’னேன்.”

“அதுக்கப்புறம்தான் போனை வெச்சாரா?”

“ஆமாம்.”

“ஜாய்சா, நீ ஒரு வாத்தியார். உன் கணக்கு தப்புன்னு வீட்டுல சொல்லிட்டாங்க. என்ன பண்ணுவே?”

“சரியான கணக்கைக் கொண்டுவந்து மூஞ்சியில...” அவன் நின்றான். “மேடம்!”

“கை சுடுதுன்னாலும் விடாம தடவிப் பார்த்த ஆள் அவர். எதையும் அளந்து பார்க்காம நம்பமாட்டார். சாகப்போறேன்னு மிரட்டற ஆளில்லை, எதிராளி தப்பை நிரூபிச்சுக் காட்டற ஆள். ஊரப்பாக்கத்துலேர்ந்து ரெண்டு பக்கமும் இருக்கிற கண் ஆஸ்பத்திரிக்கெல்லாம் ஒண்ணொண்ணா போன் அடி. போலீஸ் அடிபட்டவங்களைத்தான் தேடியிருக்கும். கண் காட்ட வந்தவங்களைத் தேடியிருக்காது.”

ஜாய்சன் போனை எடுத்தான். முதல் இடத்தில் எடுக்கவே இல்லை. இரண்டாவது இடத்தில் அப்படி யாரும் வரவில்லை என்றார்கள். மூன்றாவதில் பாட்டுப் போட்டுக் காக்கவைத்தார்கள். அந்த மூன்று நிமிஷமும் அவன் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தான். நான்காவது, கூடுவாஞ்சேரியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி.

“லாசரஸா? ஆமா சார். நேத்து மத்தியானம் வந்தார்,” என்றது ஒரு பெண் குரல். “கண்ணுல பிரஷர் ரொம்ப ஏறியிருந்தது. உடனே சேர்த்துட்டோம், காலையில ஆபரேஷன் முடிஞ்சுது. வீட்டுல யாருக்கும் சொல்லவேணாம்னு சொல்லிட்டார். நீங்க யாரு?”

ஜாய்சன் போனை ஞானஜோதியிடம் நீட்டினான். அவள் வலது கையால் வாங்கினாள். வாங்கும்போது விரல் பட்டு ஸ்பீக்கர் திறந்துகொண்டது.

கொஞ்ச நேரம் சலசலப்பு. பிறகு ஒரு கிழக் குரல், வகுப்பெடுக்கும் நிதானத்தோடு.

“ஜோதி. உன் கணக்குதான் சரி. வலது கண் போயிடுச்சாம். இடதைக் காப்பாத்தலாம்ங்கறாங்க.”

“ஏங்க ஒரு போன் பண்ணலை?”

“தோத்ததை உடனே சொல்ல வரலை.”

கோகிலவாணி போனை வாங்கினாள். இரண்டே வாக்கியத்தில் மாரியைப் பற்றிச் சொன்னாள்.

“அந்தப் பையனையா?” என்றார் லாசரஸ். நிதானம் போய்விட்டிருந்தது. “பத்து நாளா எனக்குக் கதவு திறந்துவிட்ட பையனையா? அந்த இன்ஸ்பெக்டர் நம்பரைச் சொல்லுங்கம்மா. இல்லை, என்னால எழுத முடியாது. அவரையே இங்கே கூப்பிடச் சொல்லுங்க. உடனே கூப்பிடச் சொல்லுங்க!”

பிரசன்னா கூப்பிட்டார். கூடுவாஞ்சேரிக்கு ஒரு போலீஸ்காரர் நேரில் போய்ப் பார்த்து, எழுதி வாங்கிக்கொண்டு வருவதற்குள் மணி நாலு ஆயிற்று. சுந்தர்சிங் வந்து புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனார். நாலு இருபதுக்கு மாரி வெளியே வந்தான், பெல்ட்டைக் கையில் பிடித்தபடி.

ஞானஜோதி படியருகே நின்றிருந்தாள். கணவனைப் பார்க்கப் போகாமல் முதலில் இங்கே வந்திருந்தாள்.

“தம்பி, தப்பு என்னுதுதான். தெரிஞ்சும் நான் சொல்லலை. என்னை...”

மாரி அவளைப் பார்த்தான். ஒரு ராத்திரியில் அவன் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“எங்கிட்ட இன்னாத்துக்கும்மா சொல்றீங்க? எங்கம்மா அங்க உக்காந்துகினு கீது. அதுகிட்ட சொல்லுங்க.”

அவள் ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சலுக்குப் பயந்து பயந்து நின்று, சாலையைக் கடந்தாள். ஜாய்சனும் மாரியும் பின்னால் போனார்கள். கோகிலவாணி வரவில்லை. ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு நோட்டை மூடினாள்.

பச்சையம்மா மகனைத்தான் முதலில் பார்த்தாள். தலை, முகம், கை, கால் என்று தடவி, அடி ஏதும் விழவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே எதிரில் நின்ற பெண்மணியைக் கவனித்தாள். ஞானஜோதி சொல்லச் சொல்ல, குறுக்கே பேசாமல் கேட்டாள். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு ஒன்று விசாரித்தாள்.

“உன் வூட்டுக்காரரு கண்ணு பொழைக்குமா?”

“ஒரு கண்ணு பொழைக்கும்ங்கறாங்க.”

“சரி.” பச்சையம்மா புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். ராத்திரி முழுக்க மடங்கியிருந்த கால்கள் தள்ளாடின. ஞானஜோதி பிடிக்க நீட்டிய கையை அவள் பிடித்துக்கொள்ளவில்லை. “இன்னிக்கு வாணாம்மா. இன்னிக்கு நீ எத்த சொன்னாலும் எனுக்குக் கோவந்தான் வரும். எதுனா சொல்லிடுவேன். நீ போயி அவர கவனி. நாளைக்கு வூட்டாண்ட வா. உக்காந்து பேசலாம்.”

மகனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள். இட்லிப் பொட்டலத்தை மாரி எடுத்துக்கொண்டான். நடந்துகொண்டே பிரித்துவிட்டான்.

ஞானஜோதி ஜாய்சன் பக்கம் திரும்பினாள். “அவங்க வீடு எங்கேப்பா?”

அவனுக்கு அவள் மேல் இருந்த கோபம் இன்னும் தீரவில்லை. “அனகாபுத்தூர்,” என்றான் வெடுக்கென்று. “ஆத்தோரம் போற சந்து. நம்பர் எல்லாம் கேட்டா யாருக்கும் தெரியாது.” பிறகு, சாலையைப் பார்த்தபடி, “பத்து மணிக்குத் தறிக்கூடம் ஸ்டாப்ல இறங்கி நில்லுங்க. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்,” என்றான்.